ட்ரூடி எந்தப் பக்கம் பார்த்தாள்

வியாழக்கிழமை மத்தியானம் கைப்பேசி அதிர்ந்தால் ட்ரூடி கோவாரின் முகம் சுருங்கிவிடும். எடுப்பதா விடுவதா என்று கொஞ்ச நேரம் அதையே பார்ப்பாள். பிறகு எடுத்து, ஒரு வணக்கம்கூட இல்லாமல், "பேரு, வேலை நம்பர் ரெண்டையும் சொல்லுங்க" என்பாள்.

"யொலாண்டா ப்ரூவிட். போன வாரம் சொன்ன அதே நம்பர்தாங்க" என்று மறுமுனையில் ஒரு பெண் சிரிப்பாள்.

"போன வாரம் பேசுனது நீங்கதான்னு நான் எப்பிடி நம்புறது? நம்பரச் சொல்லுங்க."

யொலாண்டா சொல்லுவாள். அதற்குப் பிறகுதான் பேச்சு.

ட்ரூடியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருப்பவள். நோயாளியின் அக்கா என்றும் மச்சான் என்றும் சொல்லிக்கொண்டு யார் யாரோ கூப்பிட்டு விஷயம் பிடுங்கப் பார்ப்பார்கள். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கே இருக்கும் அந்தப் புல்மேட்டுச் சீமையில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்று மத்தியானம் வெளியே கசிந்தால், பொழுது சாய்வதற்குள் தீவனக் கடையில் அதைப் பற்றி ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஆளைச் சரிபார்க்காமல் வாய் திறப்பதில்லை என்பது அவளுக்குக் ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டுக்காரன் லைல் மாட்டுப்பட்டியிலிருந்து கூப்பிட்டால்கூட, வேலை மும்முரத்தில், "பிறந்த தேதி சொல்லுங்க" என்று கேட்டு வைத்திருக்கிறாள். அவனும் சொல்லித் தொலைத்திருக்கிறான்.

யொலாண்டா அரிசோனாவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவிப் பிரிவில் வேலை பார்ப்பவள். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் ட்ரூடி ஆன்லைனில் முதுநிலை நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்தால் அவளே நோய் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கலாம். அந்த ஊருக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை நோயாளிகள் மட்டும்தான்; வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஊரின் ஒரே மருத்துவ நிலையத்தை நடத்தி வந்த வெல்டா ஹைன்ஸுக்கு வயதாகிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. வரும் கோடையோடு நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன் என்று அவள் அறிவித்துவிட்டாள். ட்ரூடி பட்டம் வாங்கினால் அந்த நாற்காலிக்கு ஆள் உண்டு. வாங்காவிட்டால் கதவுக்குப் பூட்டுத்தான்; காய்ச்சல் கண்ட குழந்தையை ஒன்றரை மணி நேரம் காரில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

ட்ரூடியின் அப்பா மாட்டு லாரி ஓட்டியவர். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் ட்ரூடி. முதலில் ரெண்டு வருஷப் படிப்பு, வேலை பார்த்துக்கொண்டே இளநிலை, நாற்பதைத் தாண்டிய பிறகு இது. தன் பெயருக்குப் பின்னால் வரப்போகும் எழுத்துகளைப் பால் வாங்கிய ரசீதின் முதுகில் அவள் எழுதிப் பார்த்ததுண்டு. வீட்டில் முதல் ஆளாகப் படித்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். கூடவே ஒரு பயம் இருக்கும், அதுவும் தெரியும். என்றைக்காவது ஒரு ஆள் வந்து தோளைத் தொட்டு, "நீங்க எப்பிடி உள்ள வந்தீங்க?" என்று கேட்டுவிடுவான் என்கிற பயம்.

யொலாண்டாவின் குரல் அந்த ஆளின் குரலோ என்றுதான் ட்ரூடிக்குத் தோன்றும். நல்லா இருக்கீங்களா, தூங்குனீங்களா, சாப்பிட்டீங்களா, பாடம் புரியுதா. பெற்ற தாய்கூட இத்தனை கேட்டதில்லை. முகம் பார்த்ததில்லை. சும்மா எவள் இப்படித் தேனாகப் பேசுவாள்?

"அது மனுசியே இல்லடி" என்றாள் வார்டில் கூட வேலை பார்க்கும் டார்லா. "கம்ப்யூட்டரு. இப்பல்லாம் அது மூச்சு வாங்கிக்கிட்டே பேசுதாம்."

அடுத்த வியாழக்கிழமை ட்ரூடி ஒரு சோதனை வைத்தாள். "பீன்ஸும் கறியும் போட்டுக் காரமா சில்லி வைக்கிறீங்களே, அதுக்கு என்ன தொட்டுக்குவீங்க?"

"இதென்ன கேள்வி? உப்பு பிஸ்கட்தான்."

"லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச்சுருள் இல்லையா? எங்க ஊர்ல எல்லாரும் அதுதான்."

"என்னது! காரச் சில்லிக்கு இனிப்பு ரொட்டியா? உவ்வே. அய்யோ, மன்னிச்சுக்குங்க..."

"மனுசிதான்" என்று டார்லாவிடம் வந்து சொன்னாள் ட்ரூடி. "ஆனா நம்ம மனுசி இல்ல."

அதைவிட வேறொன்றுதான் அவளை உறுத்தியது. ட்ரூடி பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் யொலாண்டா குரலைத் தாழ்த்துவாள். "ட்ரூடி, இப்ப நீங்க தனியாத்தான் இருக்கீங்களா? பக்கத்துல யாரும் இல்லையே?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். இருந்தா ஆமான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஒரு தடவை என்றால் விட்டிருப்பாள். அடிக்கடி கேட்டாள். எந்த இடத்தில் உட்கார்ந்து படிக்கிறீங்க, பரீட்சை எங்கே எழுதுவீங்க, அந்த அறைக் கதவு மூடியிருக்குமா என்றெல்லாம் கேட்டாள். துப்புப் பார்க்கிறாள் என்று ட்ரூடி முடிவு கட்டினாள். முடிவு கட்டினாலும் பதில் சொன்னாள். பதில் சொல்லாவிட்டால் அதையும் குறித்துக்கொள்வார்களோ என்னவோ.

பரீட்சையை அவள் ஆஸ்பத்திரியின் ஏழாம் நம்பர் அறையில் எழுதினாள். வீட்டில் இணையம் கூரை மேலிருக்கும் சாட்டிலைட் தட்டிலிருந்து வருவது, காற்றடித்தால் போச்சு. அந்தச் சீமையில் காற்றடிக்காத நாள் ஏது? ஏழாம் அறையில் நோயாளிகளை வைத்து ரொம்ப நாளாயிற்று. நிர்வாகி சாவியைக் கொடுத்தார். கேமராவுக்கு முன்னால் மேசைக்கு அடியைக் காட்டினாள், கூரையைக் காட்டினாள், முடியை ஒதுக்கி ரெண்டு காதையும் காட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். நல்ல மதிப்பெண்.

லைல் அன்றைக்கு ஆசைப்பட்டு ரொட்டிச்சுருள் வாங்கி வந்தான். அது காய்வதற்குள் பல்கலைக்கழக ஒழுங்குப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. பரீட்சை நேரத்தில் அவள் பலமுறை திரையை விட்டு வலப்பக்கம், கதவு இருக்கும் பக்கம், திரும்பியிருக்கிறாள், உதடு அசைந்திருக்கிறது, அறையில் வேறு ஆள் இருந்ததாகச் சந்தேகம், எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

ட்ரூடிக்கு ரத்தம் தலைக்கேறியது. உட்கார்ந்த வேகத்தில் பதில் எழுதினாள். நான் எங்கேயும் திரும்பவில்லை. திரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இதை எந்தச் சபையிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அவர்கள் வீடியோவை அனுப்பி வைத்தார்கள்.

அதை டார்லாவோடு உட்கார்ந்து பார்த்தாள். திரையில் ட்ரூடி கேள்வியைப் படிக்கிறாள். திடீரென்று வெடுக்கென்று வலப்பக்கம் திரும்புகிறாள். உதடு என்னவோ முணுமுணுக்கிறது. மறுபடியும் கேள்வி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வெடுக்.

"இது நான் இல்லடி."

"உன் மூஞ்சி, உன் சட்டை, உன் காதுத் தோடு" என்றாள் டார்லா. "அப்பறம் யாராம்?"

"நான் திரும்பவே இல்ல. எனக்குத் தெரியாதா?" சத்தத்தைக் கூட்டினாள் ட்ரூடி. ஒரு சின்ன ஒலிகூட இல்லை. கல்லறை மாதிரி அமைதி. "பாத்தியா? எங்கயோ வெட்டி எங்கயோ ஒட்டியிருக்காங்க. நான் எங்க எழுதுறேன், கதவு எந்தப் பக்கம், தனியா இருக்கேனா, எல்லாம் தெரிஞ்சவ ஒருத்திதான்."

வீட்டில் லைல் மெதுவாகக் கேட்டான். கன்று ஈனும் காலம், கையெல்லாம் சேறு. "ஏம்மா, உன்ன மாட்டிவிட்டு அந்தப் பொம்பளைக்கு என்ன கிடைக்கப் போகுது?"

"ஒண்ணும் கிடைக்காமலா வாரா வாரம் கூப்புடுறா?"

"அது அவ வேலைம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன். என்ன வேலன்னுதான் தெரியல."

வெல்டாவும் போன் போட்டாள். "நாற்காலிக்கு ஆள் உண்டா இல்லையா, சொல்லிடு புள்ள. என் முட்டி ரொம்ப நாள் காத்துக்கிட்டு இருக்காது." "பாத்துச் சொல்றேன்" என்று ட்ரூடி போனை வைத்தாள். குற்றம் உறுதியானால் படிப்பை விட்டே நீக்குவார்கள். இன்னொரு இடத்திலும் சேர முடியாது. நீக்கப்பட்டவள் என்ற பெயரோடு அந்த ஊர் மளிகைக் கடையில் எப்படி வரிசையில் நிற்பது?

விசாரணைக்கு முந்தின வாரம் யொலாண்டா கூப்பிட்டாள். அப்போது ட்ரூடி எப்போதும்போல வார்டில்தான், நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பேர், நம்பர் எல்லாம் முடிந்தது.

"விசாரணையில நானும் இருப்பேன். ஆனா வாய் திறக்கக் கூடாதுன்னு விதி" என்றாள் யொலாண்டா. "அதுக்கு முன்னாடி நீங்க என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவ சொல்லுங்களேன்."

"எத்தன தடவ சொல்றது? நான் எந்தப் பக்கமும் திரும்பவே இல்..." ட்ரூடி நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "...லன்னுதான் சொல்றேன்" என்று முடித்தாள்.

பிறகு யொலாண்டா கேட்டாள்: "இப்ப ஏன் பாதியில நிறுத்துனீங்க?"

"நான் எங்க நிறுத்துனேன்?"

யொலாண்டாவின் குரல் வேகமெடுத்தது. "ட்ரூடி, நான் சொல்றத அப்பிடியே கேளுங்க. விசாரணைக்கு அதே ஏழாம் ரூம்லயே உக்காருங்க. அங்க கட்டிலுக்குப் பக்கத்துல போன் இருக்கா?"

"பழைய கம்பி போன் ஒண்ணு இருக்கு."

"பேசுறத அதுல பேசுங்க. கம்ப்யூட்டர் மைக்ல வேணாம். அது சுத்தி வர்ற சத்தத்த எல்லாம் வடிகட்டிடும்."

"என்ன சத்தம்?"

"நீங்க எப்பவும் இருக்குற மாதிரி இருங்க. இதுக்கு மேல சொன்னா, நான் சொல்லிக்குடுத்து நீங்க நடிச்சீங்கன்னு ஆயிடும். அது உங்களுக்குத்தான் கெடுதல்." வைப்பதற்கு முன், கேட்காமலே, தன் பேரையும் நம்பரையும் இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்தாள்.

இது பொறிதான் என்று ட்ரூடி நினைத்தாள். குற்றம் நடந்த இடம் என்று அவர்கள் சொல்லும் இடத்துக்கே மறுபடியும் போய் உட்கார வேண்டுமாம். ஊர் நூலகத்தில் ஓர் அறைக்குச் சொல்லிவைத்தாள். ஆனால் விசாரணை அன்று காலை, காரை நூலகத்து வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். வார்டில் பொய் சொல்லுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பொய் எப்போதும் நீளமாக வரும். கேட்காத காரணமெல்லாம் கூட வரும். யொலாண்டா ஒரு காரணமும் சொல்லவில்லை. நம்பு என்றுகூடச் சொல்லவில்லை.

சந்தேகத்தோடுதான் வண்டியைத் திருப்பினாள்.

திரையில் நாலு பெட்டிகள். தலைவர் ஆஸ்ட்ராண்டர், சட்டம் படித்தவர், கழுத்துப் பட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார். நர்ஸிங் பேராசிரியைகள் இருவர்: நரைமுடி டாக்டர் பச்சேகோ, தன் வீட்டுச் சமையலறையிலிருந்து, இளையவர் டாக்டர் லிண்ட்க்விஸ்ட், புத்தக அலமாரிக்கு முன்னால். நாலாவது பெட்டியில் ஊதா நிறக் கண்ணாடி போட்ட ஒரு பருத்த பெண், உதட்டைத் தைத்தவள் மாதிரி இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள்தானா யொலாண்டா? ட்ரூடி போனைக் காதில் இடுக்கிக்கொண்டு முறைத்தாள்.

"திரும்பவே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார் ஆஸ்ட்ராண்டர். "வீடியோவ நீங்களும் பாத்தீங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

"பாத்தேன் சார். திரும்பியிருக்கேன். ஆனா திரும்புனது எனக்கு ஞாபகத்துலயே இல்ல."

"கேக்குறவங்க நம்புற மாதிரி இருக்கா?"

"இல்லதான் சார். எனக்கே நம்பிக்கை வரல."

"கதவுப் பக்கம் யார் நின்னாங்க?"

"யாரும் நிக்கல."

"அப்பறம் யார்கிட்ட உதட்ட அசைச்சீங்க?"

அந்த நேரத்தில் வெளியே, நாலாம் நம்பர் அறையில், வாஸ் தாத்தா காபி குடிக்க ஆசைப்பட்டார். டிரிப்ஸ் ஏறும் கையை மடக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்லியாயிற்று. அவர் மடக்கித்தான் குடிப்பார். மருந்து போகும் குழாய் மடங்கி அடைத்துக்கொண்டது. டிரிப்ஸ் இயந்திரம் கத்த ஆரம்பித்தது. பீப், பீப், பீப்.

ட்ரூடியின் தலை வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பியது. உதடு அசைந்தது.

"இதோ! இப்பவும்!" ஆஸ்ட்ராண்டர் விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றது. அவர் திரையில் வேறெதையோ பார்த்துவிட்டார்.

டாக்டர் பச்சேகோ தன் சமையலறையில் இடப்பக்கம் திரும்பி, நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தார். டாக்டர் லிண்ட்க்விஸ்ட் புத்தக அலமாரியை நோக்கித் திரும்பியிருந்தார். கை தானாகச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் எங்க பாக்குறீங்க?" என்றார் ஆஸ்ட்ராண்டர்.

பச்சேகோ தான் எழுந்து நிற்பதை அப்போதுதான் உணர்ந்தார். "டிரிப்ஸ்" என்றார்.

"என்ன டிரிப்ஸ்?"

"அடைச்சுக்கிச்சு. யாராச்சும் போய்ப் பாக்கணும்."

"உங்க சமையல்கட்டுலயா?"

லிண்ட்க்விஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டார். பச்சேகோவின் முகம் சிவந்தது. "நான் வார்ட விட்டு வந்து எத்தனயோ வருசம் ஆச்சு. இந்தச் சத்தம் கேட்டா இன்னும் உடம்பு தானா எந்திரிக்குதுன்னு எனக்கே இப்பதான் தெரியுது." ட்ரூடியின் பக்கம் குனிந்தார். "இப்ப உதட்டுல என்னம்மா சொன்னே?"

"ஏதாச்சும் சொன்னேனா?" ட்ரூடி யோசித்தாள். "நாலாம் ரூமுன்னு சொல்லியிருப்பேன். சத்தத்த வெச்சே எந்த ரூமுன்னு தெரிஞ்சிடும்."

"பரீட்சை வீடியோவுல சத்தமே இல்லையே?" என்றார் ஆஸ்ட்ராண்டர்.

இதற்குப் பதில் தெரிந்த ஒருத்தி ஊதாக் கண்ணாடிக்குள்ளிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைத் திறக்கவில்லை. ஆனால் ட்ரூடிக்கு இப்போது விளங்கியது. "கம்ப்யூட்டர் மைக் வடிகட்டியிருக்கும் சார். இன்னிக்கு நான் கம்பி போன்ல பேசுறேன்."

ஆஸ்ட்ராண்டர் கண்ணைச் சுருக்கினார். "இத யாராவது ஏற்பாடு பண்ணி வெச்சீங்களா?"

"வாஸ் தாத்தா கை மேல எனக்கு என்ன சார் அதிகாரம்? அவரு பெண்டாட்டிக்கே அது அடங்குனதில்ல."

பீப், பீப், பீப். ட்ரூடி நாற்காலியில் நெளிந்தாள். பச்சேகோவும் நெளிந்தார்.

"சார், அவங்கள விடுங்க" என்றார் பச்சேகோ. "போய் அத நிறுத்திட்டு வரட்டும். என்னால யோசிக்கவே முடியல."

ட்ரூடி ஓடினாள். வாஸ் தாத்தா கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "என்ன புள்ள, விசாரணையாமே? விட்டுட்டாங்களா?" என்றார்.

"மொதல்ல கைய நீட்டுங்க!"

ஒழுங்குப் பிரிவு லேசில் விடவில்லை. பரீட்சைக் கண்காணிப்பு நிறுவனத்திடம் கேட்டு, பின்னணிச் சத்தம் தானாக நீக்கப்படும் என்பதை எழுதி வாங்கியது. ஆஸ்பத்திரியிடமும் கேட்டு, அன்றைக்கு இயந்திரங்கள் கத்திய நேரத்தை வாங்கியது. அவள் தலை திரும்பிய நேரத்தோடு அது பொருந்தியது. குற்றச்சாட்டு தள்ளுபடி, மதிப்பெண் நிற்கும் என்று கடிதம் வந்தது. ட்ரூடி அந்தக் கடிதத்தையும், அனுப்பிய முகவரி உண்மையானதுதானா என்று சரிபார்த்த பிறகே நம்பினாள். அப்புறம் வெல்டாவுக்குப் போன் போட்டாள். "நாற்காலிக்கு ஆள் இருக்கு. முட்டிகிட்ட சொல்லிடுங்க."

வியாழக்கிழமை வந்தது. கைப்பேசி அதிர்ந்தது.

"பேரு, வேலை நம்பர்."

யொலாண்டா சொன்னாள். ட்ரூடி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது? நீங்க நர்ஸுகூட இல்லையே."

"நான் முன்னாடி ஓட்டல்ல ரூம் பதிவு பண்ற போன் எடுத்தவ. எனக்குக் கேக்க மட்டும்தான் தெரியும். நீங்க பேசுறப்ப திடீர்னு பாதி வார்த்தையில நின்னு போயிடுவீங்க. அப்பறம் குரல் வேற மாதிரி வரும். ரொம்ப நாளா அது எனக்குச் சரியாப் படல."

"என்ன நினைச்சீங்க?"

யொலாண்டா தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல வந்து நிக்கிறாரு, அவருக்குப் பயந்துதான் நிறுத்துறீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் தனியா இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு நீங்க பாதியில நிறுத்துனப்பதான் பின்னாடி அந்த மெஷின் சத்தத்தக் கவனிச்சேன்."

"லைலுக்கா? நான் பயப்படுறேனா?" ட்ரூடி சிரித்த சிரிப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டார்லா எட்டிப் பார்த்தாள். "அந்த மனுசன் சேவல் எதுக்க வந்தா வழி விட்டு ஒதுங்கிப் போவாரு!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அந்தக் கேள்வி அவளுக்குத் தெரியும். முகத்தில் காயத்தோடு வரும் பெண்ணின் புருஷனைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அவளே எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி அது. ஆமான்னு மட்டும் சொல்லுங்க, போதும். தன்னிடம் ஒருத்தி கேட்டபோது அது அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

"யொலாண்டா," என்று ஆரம்பித்தாள், "நான் உங்கள ஆரம்பத்துலருந்தே தப்பா நெனச்..."

பேச்சு பாதியில் நின்றது.

"நாலாம் ரூமா?" என்றாள் யொலாண்டா. "போய்ப் பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."